புக்ஸ்டாக்: அலமாரி நன்றாக இருக்கிறது, அடுக்க ஆள் வேண்டும்

தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 சான்று வைத்திருக்கும் பட்டறை எதுவாக இருந்தாலும் ஆடிட்டர் ஒரு கேள்வி கேட்கலாம்: "இந்த வேலை தெரிந்தவர் நாளைக்கு வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" அந்தத் தரநிலையின் 2015 பதிப்பில் 7.1.6 பிரிவு இதைத்தான் சொல்கிறது. வேலை நடக்கத் தேவையான அறிவு எது என்று நிறுவனம் கண்டறிய வேண்டும், அதைப் பேண வேண்டும், வேண்டியவர் கைக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். பல இடங்களில் இதற்குப் பதிலாக ஒரு ஃபைல் இருக்கிறது. ஆடிட்டுக்கு அது போதும். இரவு ஷிஃப்டில் மெஷின் நின்றால் அந்த ஃபைலை எவரும் திறப்பதில்லை, மூத்த ஃபோர்மேனுக்குத்தான் போன் போகிறது.

அந்த போன் அழைப்பைக் குறைக்க உதவுமா என்ற ஒரே கேள்வியோடுதான் இந்த விமர்சனத்தில் புக்ஸ்டாக் மென்பொருளைப் பார்க்கிறோம். உதவும். 20 முதல் 200 பேர் வரை வேலை செய்யும் இடத்துக்கு, விலையில்லாமல் கிடைப்பவற்றில் எங்கள் முதல் பரிந்துரை இதுதான். ஆனால் மென்பொருளை நிறுவ அரை நாள் போதும், ஆட்களை எழுதவும் தேடவும் பழக்க ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதத்தை நிர்வாகம் ஏற்கவில்லை என்றால் நிறுவவே வேண்டாம்.

புக்ஸ்டாக், 2015இல் டான் பிரவுன் என்ற பிரிட்டன் நிரலாளர் தொடங்கிய திறந்த மூல விக்கி, அதாவது பலர் சேர்ந்து உலாவியிலேயே எழுதித் திருத்தும் தளம். எம்ஐடி உரிமம் என்பதால் பயனர் எண்ணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. பிஎச்பியில், லாராவெல் சட்டகத்தின் மேல் எழுதப்பட்டது. மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளம் வேண்டும். உபுண்டு போட்ட பழைய கணினி ஒன்றே சர்வராகப் போதும், நிறுவுவதற்கான ஸ்கிரிப்டைத் திட்டக் குழுவே தருகிறது. முதல்முறை உள்ளே போனதும் நிர்வாகிக் கணக்கின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். எல்லா நிறுவல்களிலும் அவை ஒன்றேதான், ஆவணத்தில் வெளிப்படையாகவே இருக்கின்றன.

இதன் பெரிய பலம் கண்டிப்பான அடுக்கு முறை. அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம், அவ்வளவுதான். அத்தியாயம் கட்டாயமில்லை. ஒரு புத்தகம் பல அலமாரிகளில் இருக்கலாம், ஒரு பக்கம் ஒரே புத்தகத்தில்தான் இருக்க முடியும். கோப்புறைக்குள் கோப்புறை என்று ஏழு அடுக்கு போட முடியாது. கணினி நன்கு தெரிந்தவர்களுக்கு இது குறையாகத் தோன்றும். பட்டறைக்கு இதுவே நிறை. 'மெயின்டனன்ஸ்' அலமாரி, அதில் 'சிஎன்சி லேத்' புத்தகம், அதில் 'கூலன்ட்' அத்தியாயம் என்றால் ஐடிஐ முடித்து நேற்று சேர்ந்த பையனுக்கும் விளங்கும். அலமாரிகளுக்குத் துறையின் பெயரை வைப்பதைவிட வேலையின் பெயரை வைப்பது நல்லது. துறைகள் பிரியும், சேரும், மேலாளர் மாறுவார். வைண்டிங் வேலை வைண்டிங் வேலையாகவே இருக்கும்.

ஒரு பக்கத்தை மாதிரிப் பக்கமாகக் குறித்து வைக்கும் வசதியை முதல் நாளே பயன்படுத்துங்கள். வெற்றுத் திரையைப் பார்த்ததும் பலருக்குக் கை ஓடாது. பழுது பக்கத்துக்கு ஆறு தலைப்புகள் போதும்: என்ன தெரிந்தது, எந்த மெஷின், உண்மையான காரணம், முதலில் எதைக் காரணம் என்று தவறாக நினைத்தோம், செய்த வேலை, தேவைப்பட்ட உதிரிபாகமும் ஸ்டோர் எண்ணும். நான்காவது தலைப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் பக்கத்தின் மதிப்பே அங்கேதான். மோனோபிளாக் பம்பில் கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் வந்தால் புதியவர் பேரிங்கைக் கழற்றுவார். அனுபவசாலி முதலில் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார், பிறகு உறிஞ்சு குழாயின் இணைப்புகளைப் பார்ப்பார். பம்புக்குள் வரும் பக்கத்தில் அழுத்தம் குறைந்து, நீரில் ஆவிக் குமிழிகள் உண்டாகி, உள்ளே சுழலும் இம்பெல்லரில் மோதி உடையும் சத்தம் அது என்று அவருக்குத் தெரியும். 'ஃபுட் வால்வைச் சுத்தம் செய்யவும்' என்று மட்டும் எழுதினால் அடுத்த முறை வேறு காரணத்தால் அதே சத்தம் வரும்போது அந்தப் பக்கம் உதவாது. காரணமும் தவறான ஊகமும் சேர்ந்தால்தான் அது அறிவு.

நிறுவிய முதல் வாரத்தில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் புகைப்படம். செல்போனில் எடுத்த படம் 4, 5 எம்பி இருக்கும். ஏற்றினால் பிழை வரும், மூன்று முறை முயன்றவர் நான்காம் முறை வாட்ஸ்அப்புக்கே திரும்பிவிடுவார். தடை மூன்று இடங்களில் இருக்கக்கூடும். பிஎச்பியின் இயல்பான கோப்பு வரம்பு 2 எம்பி. வலைச் சர்வராக எஞ்ஜின்எக்ஸ் பயன்படுத்தினால் அதன் இயல்பான வரம்பு 1 எம்பி. இவை போக புக்ஸ்டாக்குக்கென்று அமைப்புக் கோப்பில் தனி வரம்பு உண்டு, அது 50 எம்பி என்பதால் பெரும்பாலும் தொல்லை தராது. முதல் இரண்டையும் 20 எம்பியாக உயர்த்துங்கள். பிஎச்பியில் கோப்பு வரம்போடு 'போஸ்ட்' வரம்பையும் உயர்த்த வேண்டும், அதன் இயல்பு 8 எம்பிதான்.

மெஷின் மேல் க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டும் யோசனை மிக நல்லது, அதைச் செய்யும் விதத்தில்தான் தவறுகிறார்கள். உலாவியின் முகவரிப் பட்டையில் இருக்கும் முகவரியில் புத்தகத்தின் பெயரும் பக்கத்தின் பெயரும் இருக்கும். பக்கத்தை வேறு புத்தகத்துக்கு நகர்த்தினால் அந்த முகவரி மாறிவிடும். பக்கத்தில் ஒரு வரியைத் தேர்வு செய்தால் எட்டிப்பார்க்கும் சிறு பெட்டியில் நிரந்தர இணைப்பு கிடைக்கும். அது பக்க எண்ணை வைத்து இயங்குவதால் பக்கம் எங்கே போனாலும் தொடர்ந்து வரும். ஸ்டிக்கரில் அதையே போடுங்கள். சர்வரின் ஐபி எண்ணை வைத்து முகவரி அமைக்காமல் உள் நெட்வொர்க்கில் ஒரு பெயர் கொடுத்து அதை வைத்து அமைப்பதும் முக்கியம். ரவுட்டர் மாற்றிய அன்று எல்லா ஸ்டிக்கரையும் சுரண்ட வேண்டி வரக்கூடாது.

தமிழில் எழுதினால் எப்படி என்ற கேள்விக்கு இருவிதமான பதில். எழுதுவதிலும் காட்டுவதிலும் சிக்கலே இல்லை, யூனிகோடு முழுமையாக வேலை செய்கிறது. தேடலில் ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். புக்ஸ்டாக் சொல்லின் தொடக்கத்தை ஒப்பிட்டுத் தேடுகிறது. 'பம்பு' என்று தேடினால் 'பம்புக்கு', 'பம்புகள்' கிடைக்கும், 'பம்பில்', 'பம்பை' கிடைக்காது. வேற்றுமை உருபு சேரும்போது கடைசி உகரம் போய்விடுகிறதே. 'பம்ப' என்று வெட்டித் தேடினால் எல்லாம் வரும். 'அழுத்தம்' என்பதற்கு 'அழுத்த' என்று தேடினால் 'அழுத்தத்தில்' வரை கிடைக்கும். 'கடைசி எழுத்தை விட்டுத் தேடு' என்ற ஒரு வரியை முகப்புப் பக்கத்தில் எழுதி வைத்தால் பாதிப் புகார் நின்றுவிடும். மற்றொன்று, ஒரே பொருளுக்கு ஒவ்வொருவரும் எழுதும் எழுத்துக்கூட்டல். பேரிங், பியரிங், பேரிங்கு, ஆங்கில எழுத்தில் ஒன்று என்று நான்கு வடிவம் இருக்கும். பக்கத்தின் குறிச்சொற்களும் தேடலில் சேர்வதால், 'வேறு பெயர்' என்ற குறிச்சொல்லில் நான்கையும் போட்டுவிடலாம்.

பிடிஎஃப் ஏற்றுமதிதான் தமிழுக்குப் பெரிய ஏமாற்றம். உள்ளே இருக்கும் டாம்பிடிஎஃப் நூலகம் இந்திய மொழி எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கத் தெரியாதது. கொம்பு இடம் மாறும், அல்லது கட்டம் கட்டமாக வரும். பக்கத்தை உலாவியிலேயே அச்சுக்குக் கொடுத்து பிடிஎஃப்பாகச் சேமிப்பது உடனடித் தீர்வு. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் 2024இல் வந்த வசதி ஒன்று இருக்கிறது. பிடிஎஃப் உருவாக்க வேறொரு நிரலை அழைக்கும்படி அமைப்புக் கோப்பில் எழுதலாம். சர்வரில் வீசிபிரின்ட் நிரலையும் நோட்டோ தமிழ் எழுத்துருவையும் போட்டு அதை அழைத்தால் எழுத்து ஒழுங்காக வரும். ஆடிட்டுக்கு அச்சிட்ட படி கேட்கும் இடங்கள் இதை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

இனி ஆட்கள் பக்கம். அறிவு மேலாண்மைக்கென்றே 2018இல் வெளியான ஐஎஸ்ஓ 30401 தரநிலையில் பண்பாட்டுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, தலைமையின் பொறுப்புக்கும் இருக்கிறது. காரணம் எளியது. தெரிந்தவர் சொல்ல விரும்பாவிட்டால் எந்த மென்பொருளும் காலி அலமாரிதான்.

தெரிந்தவர் ஏன் சொல்வதில்லை? தன்னலம் என்று முத்திரை குத்துவது எளிது, ஆனால் பெரும்பாலும் அது உண்மையில்லை. இரவு இரண்டு மணிக்குத் தன்னை அழைக்கிறார்கள் என்பதுதான் அவருக்கு அந்த இடத்தில் இருக்கும் மதிப்பு. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் தன்னை எதற்கு வைத்திருப்பார்கள் என்று அவர் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. அவர் கண்ணெதிரே மூத்தவர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு 'அறிவைப் பகிருங்கள்' என்று சுவரொட்டி ஒட்டினால் ஒரு பக்கமும் வராது. எழுதிக் கொடுத்ததால் யாருடைய இடமும் போகாது என்று முதலாளி அல்லது ஆலை மேலாளர் தன் வாயால் எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும், அதன்படி நடக்கவும் வேண்டும். அதோடு, சொன்னவருக்கு வேறொரு மதிப்பு கிடைக்க வேண்டும். சரிபார்ப்பவர் என்ற பொறுப்பு அதற்குப் பொருத்தமானது. எழுதுவது இளையவர், 'இது சரி' என்று கையெழுத்துப் போடுவது மூத்தவர்.

ஜெராக்ஸ் நிறுவனம் 1990களில் பிரான்சில் தொடங்கிய யுரேகா திட்டம் இந்த வழியில்தான் போனது. நகல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர்கள் தாங்கள் கண்ட வழிகளை எழுதினார்கள், அனுபவசாலிகள் சரிபார்த்தார்கள், எழுதியவர் பெயரோடு அது மற்றவர்களுக்குப் போனது. பெயர் அங்கே அலங்காரம் இல்லை, அதுதான் ஊதியம். புக்ஸ்டாக்கில் இதற்கு ஒரு தடை இருக்கிறது. பக்கத்தின் கீழே 'உருவாக்கியவர்' என்று வருவது தட்டச்சு செய்தவரின் பெயர். வைண்டிங் பிரிவு அண்ணன் சொல்லச் சொல்ல டிரெய்னி தட்டச்சு செய்தால் பெயர் டிரெய்னிக்குப் போய்விடும். அதனால் 'சொன்னவர்' என்று குறிச்சொல் ஒன்றைக் கட்டாயமாக்குங்கள், பக்கத்தின் முதல் வரியிலும் அந்தப் பெயர் வரட்டும். பக்கத்தின் உரிமையாளராகவும் அவரையே வைக்கலாம், அனுமதிகள் திரையில் மாற்றும் வசதி உண்டு.

மூத்தவர்களைத் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். இருபது நிமிடம் உட்கார்ந்து, ஒரே ஒரு பழுதைப் பற்றி மட்டும் கேட்டு, போனில் ஒலிப்பதிவு செய்து, அன்றே எழுதி, மறுநாள் அவருக்கு வாசித்துக் காட்டுவதுதான் நடக்கக்கூடிய முறை. மெஷின் பக்கத்திலேயே நின்று கேட்டால் இன்னும் நல்லது. அலுவலக அறையில் 'எல்லாம் பழக்கம்தான் தம்பி' என்று முடித்துவிடுபவர், மெஷினைத் தொட்டதும் பத்து விஷயம் சொல்வார்.

எதை முதலில் எழுதுவது? 'எல்லா எஸ்ஓபியையும் (வேலை செய்முறை ஆவணம்) ஏற்றிவிடுவோம்' என்று தொடங்குவதுதான் பெருந்தவறு. 300 பக்கம் ஏறும், ஒருவரும் படிக்க மாட்டார்கள், தேடினால் குப்பையாக வரும். இரண்டு வாரம் வாட்ஸ்அப் குரூப்பிலும் போனிலும் வரும் கேள்விகளை ஒரு நோட்டில் குறியுங்கள். மீண்டும் மீண்டும் வரும் 20 கேள்விகளை எடுத்து அவற்றை மட்டும் எழுதுங்கள். அதன் பிறகு மேலாளர்கள் பிடிக்க வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. யார் வந்து கேட்டாலும், பதில் தெரிந்திருந்தாலும், 'தேடிப் பார்த்தாயா, வா, சேர்ந்து பார்ப்போம்' என்று கேட்டவரின் போனிலேயே பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். பக்கம் இல்லையென்றால் பதில் சொன்ன கையோடு எழுதிவிட வேண்டும். வாடிக்கையாளர் சேவைத் துறையில் 1990களிலிருந்து வளர்ந்துவரும் கேசிஎஸ் (அறிவை மையமாக வைத்த சேவை) முறையின் சாரமும் இதுதான்: முதலில் தேடு, தீர்க்கும்போதே எழுது, படிக்கும்போது பிழை கண்டால் அங்கேயே திருத்து. ஃபோர்மேனோ மேலாளரோ நேராகப் பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டால், கேட்பதுதான் சுலபம் என்று எல்லோரும் கற்றுக்கொள்வார்கள்.

இதற்கு வேலை நேரத்தில் இடம் வேண்டும். ஷிஃப்ட் முடிந்தபின் எழுதச் சொன்னால் இரண்டு வாரத்தில் நின்றுவிடும். வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம், உற்பத்திக் கணக்கில் கழித்துக் கொடுத்த நேரமாக இருக்க வேண்டும். பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று பரிசு அறிவிக்காதீர்கள். ஒரு பக்கமாக இருக்க வேண்டியதை நான்காகப் பிரித்து எழுதுவார்கள், கையேட்டைப் பார்த்து நகலெடுப்பார்கள், அதற்குள் நல்ல பக்கங்கள் புதைந்துபோகும். பலனை அளக்க வேண்டுமென்றால் பக்கங்களை எண்ண வேண்டாம். அதே பழுது மீண்டும் வந்தபோது மெஷின் எவ்வளவு நேரம் நின்றது, இரவில் எத்தனை போன் போனது, இந்த இரண்டையும் எண்ணுங்கள்.

மென்பொருளின் குறைகளில் முதன்மையானது, ஒப்புதல் முறை இல்லாதது. எழுதிச் சேமித்த கணமே பக்கம் எல்லோருக்கும் தெரியும். 'மேலாளர் பார்த்தபின் வெளியிடு' என்ற வசதி உள்ளமைவாக இல்லை. போல்ட்டை முறுக்க வேண்டிய டார்க் அளவு தவறாக எழுதப்பட்டால் அது தவறாகவே பயன்படும். இரண்டு புத்தகம் வைத்துச் சமாளிக்கலாம். 'சரிபார்க்க வேண்டியவை' புத்தகத்தில் எல்லோரும் எழுதலாம். சரிபார்ப்பவர் பார்த்தபின், அவருக்கு மட்டும் எழுத அனுமதியுள்ள புத்தகத்துக்குப் பக்கத்தை நகர்த்துவார். காலாவதித் தேதியும் கிடையாது. 'சரிபார்ப்பு' என்ற குறிச்சொல்லில் ஆண்டையும் காலாண்டையும் 2025-1 என்பதுபோல் போட்டு வைத்தால், ஓராண்டு கழித்து அந்த மதிப்பைத் தேடிப் பழைய பக்கங்களை ஒரே திரையில் எடுக்கலாம்.

இன்னொரு பொறி வரைவு. தட்டச்சு செய்யும்போதே புக்ஸ்டாக் வரைவாகச் சேமித்துக்கொள்ளும், ஆனால் அது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். 'எழுதிட்டேன் சார்' என்பார், எவருக்கும் பக்கம் தெரியாது, இவர் பொய் சொல்வதாக மேலாளர் நினைப்பார். சேமிப்புப் பொத்தானை அழுத்தாமல் ஜன்னலை மூடியிருப்பார், அவ்வளவுதான். முகப்பில் 'எனது வரைவுகள்' பகுதியில் அது பத்திரமாக இருக்கும். ஒரே பக்கத்தை இருவர் ஒரே நேரத்தில் திருத்தவும் முடியாது. எச்சரிக்கை வரும், மதிக்காமல் சேமித்தால் ஒருவர் எழுதியது மற்றவருடையதை மேலெழுதிவிடும். திருத்த வரலாற்றிலிருந்து மீட்கலாம்.

அனுமதிகளில் கவனம் தேவை. அலமாரிக்கு வைத்த பூட்டு உள்ளே இருக்கும் புத்தகங்களுக்குத் தானாகப் போகாது. ஒரு புத்தகம் பல அலமாரிகளில் இருக்கலாம் என்பதால் இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். புத்தகங்களுக்கு நகலெடுக்கும் பொத்தானைத் தனியே அழுத்த வேண்டும், புதுப் புத்தகம் சேர்த்தால் மறுபடியும் அழுத்த வேண்டும். படங்களுக்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. இயல்பான அமைப்பில், படத்தின் முகவரி தெரிந்தவர் உள்நுழையாமலே படத்தைப் பார்க்க முடியும். வாடிக்கையாளரின் வரைபடங்களை ஏற்றும் இடங்கள், அமைப்புக் கோப்பில் பாதுகாப்பான படச் சேமிப்பை முதல் நாளே இயக்கிவிட வேண்டும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்: மீடியாவிக்கி பெரிய கலைக்களஞ்சியத்துக்கு ஏற்றது, அதன் குறியீட்டு நடை பட்டறைக்குச் சுமை. டோக்குவிக்கி தரவுத்தளமே இல்லாமல் இயங்கும், நிர்வகிக்க இன்னும் எளிது, ஆனால் எழுதும் திரை புதியவரை மிரட்டும். கான்ஃப்ளுயன்ஸில் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து எழுதும் வசதி சிறப்பு. பத்துப் பேர் வரை கட்டணமில்லை, அதற்கு மேல் ஆளுக்கு மாதக் கட்டணம். சிறு நிறுவனங்கள் சொந்தக் கணினியில் வைத்திருந்த அதன் சர்வர் பதிப்புக்கு 2024 பிப்ரவரியோடு ஆதரவு நின்றுபோனது.

காப்புநகல் எடுக்கும்போது தரவுத்தளம் மட்டும் போதாது. ஏற்றிய படங்களும் கோப்புகளும் இரண்டு தனி அடைவுகளில் இருக்கின்றன, மறைவாக இருக்கும் அமைப்புக் கோப்பும் வேண்டும். அந்தக் கோப்பில் உள்ள ரகசியச் சாவி தொலைந்தால் இரண்டடுக்கு உள்நுழைவு வைத்திருந்தவர்கள் வெளியே நிற்க நேரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேறொரு கணினியில் காப்புநகலை மீட்டு, இரண்டு பக்கங்களைப் படத்தோடு திறந்து பாருங்கள்.

வேலையிலிருந்து ஒருவர் விலகும்போதும் நிர்வாகி செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கணக்கை நீக்கும் திரையில், அவருக்கு உரிமையான பக்கங்களை யாருக்கு மாற்றுவது என்று மென்பொருள் கேட்கும். அவசரத்தில் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அந்த வேலையை இனிச் செய்யப்போகிறவரின் பெயரைக் கொடுங்கள். விலகுபவர் போகும் முன் இருவரையும் உட்காரவைத்து அந்தப் பக்கங்களை ஒரு முறை படிக்கச் செய்யுங்கள். 'சொன்னவர்' குறிச்சொல்லில் இருக்கும் பழைய பெயரை மட்டும் மாற்ற வேண்டாம்.